சிங்கப்பூர் அணி (1921–1995)

மலேசியக் கோப்பைக்காக ஆடிவந்த சிங்கப்பூர் கால்பந்து அணி மறைந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. 1995-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எழுபத்து மூன்று வயது நிறைந்திருந்த நிலையில், லீக் பட்டத்தையும் கோப்பையையும் ஒரே பருவத்தில் வென்று போட்டுக்கொண்ட மாலை வாடும் முன்பே அது போய்ச் சேர்ந்தது. இறப்பு நேர்ந்தது கடலுக்கு அப்பால் என்றாலும் துக்கம் காத்தவர்கள் நம் புதுக்கோட்டை மாவட்டத்திலும் இருந்தார்கள். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அம்மாபட்டினம், மீமிசல் என்று கரையோரத்திலும், அறந்தாங்கி, கீரமங்கலம், ஆலங்குடி, கறம்பக்குடி என்று உள்ளேயும், கடல் கடந்து பிழைக்கப்போன சபுராளிகளின் வீடுகள் தெருவுக்கு நாலு உள்ள ஊர்கள் நம்முடையவை. அந்த வீடுகளுக்குச் சேதி ஏர்மெயில் கடிதத்தின் அடிப்பகுதியில் வந்தது. உடம்பு, சம்பளம், அனுப்பிய பணம் எல்லாம் எழுதி முடித்தபின், இனிமேல் சிங்கப்பூர் மலேசியாவோடு ஆடாதாம் என்று ஒரு வரி. எழுதியவருக்கு அந்த ஒரு வரியை எழுதக் கை எவ்வளவு தயங்கியிருக்கும் என்பது, திரும்பி வந்தவர்களோடு உட்கார்ந்து பேசியவர்களுக்குத் தெரியும்.

பெரியவர் பிறந்த கதை ஒரு கப்பலிலிருந்து தொடங்குகிறது. 1921-இல் எச்.எம்.எஸ். மலாயா என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் மலாயாவின் துறைமுகங்களுக்கு வந்தது. கப்பலின் மாலுமிகள் உள்ளூர் ஆட்களோடு பந்தாடினார்கள். தங்களை நடத்திய அன்புக்கு நன்றியாகக் கோப்பை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கோப்பைக்காக மாநிலங்கள் மோதிக்கொண்ட முதல் ஆண்டிலேயே இறுதியாட்டத்தில் சிலாங்கூரை வென்று அதைத் தூக்கியது சிங்கப்பூர். அன்று தொடங்கி மொத்தம் இருபத்து நான்கு முறை அந்தக் கோப்பை சிங்கப்பூருக்கு வந்திருக்கிறது. ஜப்பானியர் ஆண்ட காலத்தில் ஆட்டம் நின்றது, போர் முடிந்ததும் மறுபடி தொடங்கியது. 1965 ஆகஸ்டில் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடானது. கொடி மாறியது, எல்லையில் கடவுச்சீட்டு கேட்கும் காலம் வந்தது. ஆனால் கோப்பைக்கான ஆட்டம் மட்டும் பாகம் பிரிக்கப்படாத பூர்வீகச் சொத்தாய் இரு தரப்புக்கும் பொதுவில் கிடந்தது. தனி நாடு ஒன்று இன்னொரு நாட்டின் மாநிலங்களோடு சரிக்குச் சரியாக நின்று உள்ளூர்க் கோப்பைக்கு ஆடியதை உலகில் வேறெங்கும் எளிதில் காண முடியாது. பிரிந்த இரண்டு வீடுகள் ஆண்டுக்கு ஆண்டு சந்தித்துச் சண்டையிட்டுக்கொள்ளவும் கட்டித் தழுவிக்கொள்ளவும் வைத்திருந்த ஒரே முற்றம் அதுதான்.

அணியின் இளமைக்கால வீடு ஜாலான் புசார் அரங்கம். 1929-இல் திறக்கப்பட்ட அந்த அரங்கம் சிராங்கூன் சாலையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. பழைய குதிரைப்பந்தயத் திடலாக இருந்த ஃபேரர் பார்க்கும் பக்கத்தில்தான். பிள்ளைகள் வெறுங்காலோடு ஆடிப் பழகிய இடம் அது. அணிக்குப் போன பலர் அந்தப் புல்லில் விழுந்து எழுந்தவர்கள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கு வழியாக ஒரு வாரக் கடல் பயணத்துக்குப் பிறகு சிங்கப்பூரில் இறங்கிய நம் ஆட்களுக்கு, தேக்கா சந்தையும் வீரமாகாளியம்மன் கோயிலும் அங்கூலியா பள்ளிவாசலும் எப்படியோ அப்படியே ஜாலான் புசாரும். சம்பள நாளுக்குப் பிறகான மாலையில், சாப்பாட்டுக் கடையில் காசு மிச்சம் பிடித்து ஒரு டிக்கெட் வாங்கிவிட்டால், பேச்சு தெரியாத ஊரில் பக்கத்தில் நிற்கிற சீனரோடும் மலாய்க்காரரோடும் சேர்ந்து கத்தலாம். அந்தக் கத்தலுக்கு மொழி வேண்டியதில்லை. நடுவர் தவறினால் மலாயில் எல்லோரும் சேர்ந்து திட்டும் ஒரு வசை உண்டு: ரெஃப்ரி காயு. கட்டைபோல நிற்கிறாயே என்று அர்த்தம். நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு மலாயில் முதலில் வாயில் நுழைந்த சொற்களில் அதுவும் ஒன்று.

1973-இல் கல்லாங்கில் தேசிய அரங்கம் திறந்தபோது அணி பெரிய வீட்டுக்குக் குடிபோனது. ஐம்பத்தைந்தாயிரம் பேர் கொள்ளும் அந்த வீடு, கோப்பை ஆட்டம் உள்ள நாளில் நிரம்பி வழிந்தது. அங்கே எழுந்த ஆரவாரத்துக்குக் கல்லாங் முழக்கம் என்றே பெயர் வந்துவிட்டது. எதிரணிகளின் கால்கள் அந்தச் சத்தத்தில் தளர்ந்துபோகும் என்பார்கள். 1975 முதல் 1981 வரை ஆண்டு தவறாமல் சிங்கப்பூர் இறுதியாட்டத்தில் நின்றது. பெரும்பாலும் சிலாங்கூரிடம் தோற்றது. அந்தத் தோல்விகளைச் சொல்லும்போதுகூடப் பழைய ஆட்கள் தலையைத் தாழ்த்துவதில்லை. நேர்மையாகத் தோற்றவனுக்குத் தலை தாழ்த்தத் தேவையும் இல்லையே.

1977-ஐ மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கோப்பை வராத வீட்டில் சூ செங் குவீ என்ற முதியவர் பயிற்சியாளராக இருந்தார். அங்கிள் சூ என்பதே எல்லோரும் அழைத்த பெயர். கண்டிப்பானவர். காலில் புண் அழுகிக்கொண்டிருந்தபோதும் திடலை விட்டு அகலாதவர். அந்தக் காலையே பிறகு எடுக்க வேண்டியதாயிற்று. அவர் வளர்த்த அணிக்குத் தலைவர் சமது அல்லாபிச்சை. அல்லாபிச்சை என்ற பெயரை அறியாத கரையோர ஊர் நமக்கு உண்டா? மூலை உதையை வளைத்து அனுப்பும் எஸ். ராஜகோபால், இடுப்பசைவிலேயே எதிரியை ஏமாற்றிக் கடந்துபோகும் டொல்லா காசிம், மின்னலாய் ஓடும் குவா கிம் சோங் எல்லோரும் அந்த வரிசையில் இருந்தவர்கள். கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் பினாங்கோடு கூடுதல் நேரம் வரை இழுத்த ஆட்டத்தில் 3–2 என்று வென்றபோது வெற்றிக் கோலை அடித்தவர் குவா. சீனர், மலாய்க்காரர், தமிழர் மூவரும் ஒரே பெயரைக் கூப்பிட்டுக் கொண்டாடிய இரவு அது. 1980-இல் சிலாங்கூரை 2–1 என்று வென்ற இறுதியாட்டத்தில் ஃபாண்டி அகமது என்ற இளைஞன் அடித்த கோலோடு இன்னொரு தலைமுறை வந்தது. எதிர்ப்பக்கத்திலும் நம்மவர்கள் இருந்தார்கள். சிலாங்கூரின் கோல்வலையில் நின்ற ஆர். ஆறுமுகத்தை ஸ்பைடர்மேன் என்று மலேசியாவே கொண்டாடியது; 1988-இல் அவர் கார் விபத்தில் மறைந்தபோது அழுதவர்களில் சிங்கப்பூர்க்காரர்களும் உண்டு. இந்தப் பகை அப்படிப்பட்ட பகை.

இந்த அணி செய்த தொண்டு எது என்று கேட்டால் கோப்பைகளின் எண்ணிக்கையை நான் முதலில் சொல்ல மாட்டேன். வேலை அனுமதிச் சீட்டோடு கப்பல் பட்டறைகளிலும் கட்டட வேலைகளிலும் இருந்த மனிதர்களுக்கு அந்த நாடு தங்களுடையது அல்ல என்பது ஒவ்வொரு நாளும் நினைவில் இருக்கும். ஆட்டம் நடக்கும் தொண்ணூறு நிமிடம் மட்டும் அது மறந்துபோகும். சிவப்புச் சட்டைக்காரன் கோல் அடித்தால் பக்கத்தில் நிற்பவன் கட்டிப்பிடித்துக் கொள்வான், பாஸ்போர்ட் கேட்க மாட்டான். எங்கள் பக்கத்தில் ஊர் திரும்பும் பெட்டியில் கோடாலித் தைலத்துக்கும் சேலைக்கும் நடுவே ஒரு சிவப்பு பனியனும் வந்தது. அதை அணிந்து வளர்ந்த பையன்கள் பள்ளித் திடல்களில் தங்களுக்கு ஃபாண்டி என்றும் சுந்தரம் என்றும் பெயர் வைத்துக்கொண்டு ஆடினார்கள். பார்த்திராத ஆட்டக்காரர்களின் பெயர்கள்; அப்பாவோ சித்தப்பாவோ வாயால் சொல்லிச் சொல்லியே கண்ணில் பதிந்த உருவங்கள்.

சுந்தரம் என்றால் வி. சுந்தரமூர்த்தி. பந்தை அவர் காலில் வாங்கியதும் அரங்கமே எழுந்து நின்றுவிடும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். சுவிட்சர்லாந்தின் பாசல் அணிவரை போய் ஆடியவர். ஃபாண்டி அதற்கும் முன்பே நெதர்லாந்தின் குரோனிங்கன் அணிக்குப் போய், 1983-இல் யுஏஃபா கோப்பையில் இத்தாலியின் இன்டர் மிலானுக்கு எதிராகக் கோல் அடித்தார். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்ற அணி 1992-இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிப்போனது. முதுமையில் வரும் முதல் மயக்கம் என்று அதை நினைத்துக்கொண்டோம். அடுத்த ஆண்டு தென்கிழக்காசிய விளையாட்டுகளுக்காகக் கல்லாங் அரங்கைப் புதுப்பித்துக்கொண்டிருந்ததால் அணி பழைய ஜாலான் புசாருக்கே திரும்பிவந்தது. புரூணைக்கு எதிராக அங்கேதான் சுந்தரமூர்த்தி பின்புறம் சாய்ந்து காற்றில் படுத்தபடி அந்தக் கோலை அடித்தார். அதை நேரில் பார்த்ததாகச் சொல்லும் எல்லோரும் உள்ளே நின்றிருக்க அந்தச் சிறிய அரங்கத்தில் இடம் இருந்திருக்காது. அந்தப் பொய்யில் எவ்வளவு அன்பு இருக்கிறது. அந்த ஆண்டு அணி முதல் பிரிவுக்கு மீண்டது, கோப்பையின் இறுதியாட்டம் வரைக்கும் போய்க் கெடாவிடம் தோற்றது.

ஆனால் நோய் உள்ளே வந்து வெகுநாள் ஆகியிருந்தது. ஆட்டத்தைப் பணத்துக்கு விற்கும் அந்த நோயை அந்த நாடுகளில் கேலோங் என்பார்கள். ஆட்டத்தை விலைபேசுகிறவனுக்கு யார் ஜெயிக்கிறார்கள் என்பது பெரிதல்ல, எத்தனை கோல் வித்தியாசத்தில் என்பதுதான் கணக்கு. வலுக்குறைந்த அணிக்கு ஒரு கோல், ஒன்றரைக் கோல் என்று முன்கூட்டியே கொடுத்துவிட்டு மீதிக்குப் பந்தயம் கட்டும் வழக்கம் ஆசியச் சூதுச் சந்தையில் வேரோடியது. அதனால் ஆட்டக்காரனிடம் வருகிறவன் தோற்றுப்போ என்று கேட்பதில்லை. ஜெயித்துக்கொள், இரண்டு கோலுக்கு மேல் போக வேண்டாம் என்பான். அல்லது, தோற்கத்தானே போகிறீர்கள், இன்னும் ஒன்று விட்டால் என்ன என்பான். கேட்பவனுக்கு அது துரோகமாகவே தோன்றாது. கோல்காவலர், பின்வரிசையில் இருவர், முன்னே ஒருவர் வசப்பட்டால் போதும். சம்பளம் சொற்பம், ஆட்டக்காலமோ குறுகியது, காலில் அடிபட்டால் அதோடு பிழைப்பே போய்விடும் என்ற நிலையில் இருந்த இளைஞர்களிடம் ஒரு மாலையில் ஓராண்டுச் சம்பளத்தை நீட்டினார்கள். வாங்கியவர்களை நான் மன்னிக்கவில்லை. ஆனால் நீட்டியவர்களின் பெயர்கள் பத்திரிகைகளில் மிகக் குறைவாகவே வந்தன என்பதையும் மறக்க முடியவில்லை.

1994-இல் மலேசிய லீக் முழுத் தொழில்முறை லீக்காக மாறியது. சிங்கப்பூருக்கு டக்ளஸ் மூர் பயிற்சியாளர், ஃபாண்டி தலைவர். ஆஸ்திரேலியாவிலிருந்து அப்பாஸ் சாட், செக் நாட்டிலிருந்து மிச்சல் வானா. ஐம்பதாயிரம் பேர் வாரந்தோறும் கல்லாங்குக்குத் திரும்பினார்கள். நுழைவுச்சீட்டுக்கு முந்தின இரவே வரிசை நின்றது. அப்படி எல்லாம் கூடிவந்த நேரத்தில்தான் சிங்கப்பூரின் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு வானாவைப் பிடித்தது. ஆட்டங்களை விலைபேசப் பணம் வாங்கினார் என்று குற்றம் சாட்டப்பட்ட அவர், பிணையில் இருந்தபோதே நாட்டைவிட்டுத் தப்பிவிட்டார். அப்பாஸ் மீதும் விசாரணை திரும்பியது. அந்தப் பருவத்தில் அவர் அடித்த கோல்களுக்குக் கைதட்டியவர்கள் கைதட்டியபடியே யோசிக்கத் தொடங்கினார்கள்.

1994 டிசம்பர் 17. ஷா ஆலமில் அந்த ஆண்டு புதிதாகக் கட்டி முடித்திருந்த பேரரங்கம். எதிரணி பகாங். சிங்கப்பூரிலிருந்து பல்லாயிரம் பேர் பேருந்துகளிலும் கார்களிலும் ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து வடக்கே போனார்கள். அரங்கின் பெரும்பகுதி சிவப்பாக இருந்தது. சிங்கப்பூர் 4–0 என்று வென்றது. மூன்று கோல் அப்பாஸ் அடித்தார், ஒன்று ஃபாண்டி. லீக்கும் கோப்பையும் ஒரே ஆண்டில். பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை வீடு திரும்பியது. எங்கள் தெருவில் ஒரு மாமா, ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் இருந்தவர், அந்த ராத்திரியை விவரிக்கும்போது ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டார். விடிய விடிய சாலையில் ஹாரன் ஒலித்ததையும், தெரியாத ஒருவர் தன் கையில் காப்பி வாங்கித் திணித்ததையும் சொல்வார். அது அணியின் கடைசிக் கோப்பை ஆட்டம் என்று அந்த ராத்திரி எவருக்கும் தெரியாது.

இரண்டு மாதம்தான். 1995-இன் தொடக்கத்தில் சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியது. மரணத்துக்குக் காரணம் என்று ஏட்டில் எழுதப்பட்டது நுழைவுச்சீட்டு வசூலில் மலேசியக் கால்பந்துச் சங்கத்துக்குப் போகவேண்டிய பங்கு பற்றிய தகராறு. அது பொய்யில்லை, அந்தத் தகராறு உண்மையிலேயே இருந்தது. ஆனால் எழுபது ஆண்டுகளில் இதைவிடப் பெரிய பிணக்குகளைத் தாண்டிவந்த உறவு அது. நாடே பிரிந்தபோது பிழைத்தது. 1980-களின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் விலகியிருந்துவிட்டு 1985-இல் திரும்பியும் வந்தது. இந்த முறை மட்டும் ஏன் திரும்பவில்லை? என் மனதுக்குப் படுவது இதுதான்: காப்பாற்ற வேண்டியவர்களின் கை ஏற்கெனவே தளர்ந்திருந்தது. ஒவ்வொரு தவறிய உதைக்கும் பின்னால் ஒரு பணக்கட்டு இருக்குமோ என்று சந்தேகிக்கப் பழகியவர்கள், அணியை விட்டுவிடாதீர்கள் என்று தெருவில் இறங்கிக் கேட்கவில்லை. வசூல் தகராறு ஒரு காய்ச்சல். அந்த உடம்பு காய்ச்சலைத் தாங்காமல் போனதற்குக் காரணம் கேலோங்.

அந்த ஆண்டு நடுவில் அப்பாஸ் சாட் குற்றவாளி என்று தீர்ப்பானது. 50,000 வெள்ளி அபராதம், ஆட்டத்திலிருந்து விலக்கு. பிறகு ஆஸ்திரேலியா திரும்பி அங்கே ஆடினார். கல்லாங்கில் அவர் பெயரைக் கத்தியவர்கள் இன்றும் இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். அவரைத் தவறாகவே கருதாதவர்களும் உண்டு, அவர் பெயரையே உச்சரிக்காதவர்களும் உண்டு. இருவருடைய வலியும் ஒரே இடத்தில் பிறந்ததுதான்.

பாலத்துக்கு வடக்கே நிலைமை இன்னும் மோசம். மலேசியக் காவல்துறை விசாரித்த ஆட்டக்காரர்கள் 126 பேர். இருபத்தொரு ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் நீக்கப்பட்டார்கள், 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். சிலரைச் சொந்த ஊரிலிருந்தே தூர மாவட்டங்களுக்குக் கட்டாயமாகக் குடியேற்றினார்கள். ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள் மொத்தமாக எடுக்கப்பட்ட அணிகள், மறுபருவத்தில் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு பிள்ளைகளோடு இறங்கின. பார்க்க ஆள் வரவில்லை. அரங்குகள் காலியாயின, சங்கங்களுக்கு வசூல் இல்லை, சம்பளப் பாக்கி மாதக்கணக்கில் ஏறியது. சம்பளம் வராத ஆட்டக்காரனிடம் சூதுக்காரன் மறுபடி வந்தான். நோயே நோய்க்கு வழி விட்டது. குற்றம் செய்யாத எத்தனையோ பேரும் அந்தச் சந்தேகத்தை வாழ்நாள் முழுக்கச் சுமந்தார்கள் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் உறுத்துகிற இடம்.

சிங்கப்பூர் 1996-இல் எட்டு கிளப்புகளோடு எஸ்.லீக் என்ற சொந்த லீக்கைத் தொடங்கியது. நல்ல நோக்கம்தான். ஆனால் பக்கத்துப் பேட்டையின் அணியோடு மோதும்போது நாடே மூச்சைப் பிடித்து நிற்குமா? கூட்டம் ஆண்டுக்காண்டு மெலிந்தது. புதிய வீட்டுக்குள்ளும் பழைய திருடன் புகுந்தான். 2000-இல் உட்லண்ட்ஸ் வெலிங்டன் அணியின் குரோஷியத் தலைவரை, மறுநாள் ஆட்டத்தில் இறங்க முடியாதபடி அடித்துக் காயப்படுத்திச் சிறைக்குப் போனவர் வில்சன் ராஜ் பெருமாள். சிங்கப்பூர்த் தமிழர். அந்தப் பெயரை இந்தப் பக்கத்தில் எழுதும்போது எனக்கு உண்டாகிற வேதனையை மறைக்க விரும்பவில்லை. ராஜகோபாலும் சுந்தரமூர்த்தியும் எந்த ஊர்த் திடலில் நம் பெயருக்கு மரியாதை தேடித் தந்தார்களோ அதே ஊரில் வளர்ந்த ஒருவர், அதே ஆட்டத்தை உலகெங்கும் விலைபேசப் போனார். 2011-இல் பின்லாந்தின் ரோவனியெமியில் பிடிபட்டு, அங்கே இரண்டு ஆண்டு தண்டனை பெற்றார்.

பின்லாந்தில் அந்த ஆண்டு செத்த கிளப்பையும் இங்கே நினைக்க வேண்டும். டம்பெரெ யுனைடெட் மூன்று முறை அந்த நாட்டின் வாகையர், 2001, 2006, 2007. சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றிடமிருந்து காரணம் சொல்ல முடியாத பணம் வாங்கியது தெரிந்து லீக்கிலிருந்து விலக்கப்பட்டது. கிளப்பும் அதோடு முடிந்தது. ரசிகர்கள் அடுத்த ஆண்டே அதே பெயரில் கடைசிப் பிரிவிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். பிரான்சின் மார்செய் 1993-இல் பட்டம் பறிக்கப்பட்டு, 1994-இல் கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்பட்டது; இத்தாலியின் யுவென்டஸ் 2006-இல். இரண்டும் மீண்டு வந்தன. அவற்றின் தண்டனைக்கு ஒரு முடிவுநாள் இருந்தது. சிங்கப்பூர் அணிக்கு யாரும் தண்டனை விதிக்கவில்லை, ஆகவே தண்டனை முடிந்து திரும்பி வருகிற நாளும் இல்லை. நம் நாட்டிலும் 2022 நவம்பரில் மத்தியப் புலனாய்வுத் துறை அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்திடம் சில கிளப்புகளில் நுழைந்த முதலீடு பற்றி விவரம் கேட்டபோது, அதே பெருமாளின் பெயர் செய்தியில் வந்தது. அறந்தாங்கியில் காலைப் பத்திரிகையில் அந்தப் பெயரைப் பார்த்த பழைய சிங்கப்பூர்க்காரர்களுக்கு அது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

கல்லாங் அரங்கம் 2007-இல் மூடப்பட்டு, சில ஆண்டுகளில் இடிக்கப்பட்டது. அதன் மர இருக்கைப் பலகைகளைப் பத்திரமாக எடுத்து நகரின் பொது இடங்களில் பெஞ்சுகளாகப் போட்டிருக்கிறார்கள். 2012-இல் லயன்ஸ்டுவெல்வ் என்ற பெயரில் சிங்கப்பூரின் இளம் அணி ஒன்று மலேசிய லீக்குக்குத் திரும்பியபோது, பெரியவரே பிழைத்து வந்துவிட்டார் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். பயிற்சியாளராக வந்தவர் சுந்தரமூர்த்தி. 2013-இல் லீக் பட்டம். அடுத்து ஃபாண்டி பொறுப்பேற்று 2015-இல் கிளந்தானை 3–1 என்று வென்று எஃப்.ஏ. கோப்பை. அந்த ஆண்டு இறுதியிலேயே மலேசியச் சங்கம் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. பட்டம் வென்றதும் போய்விடுவது அந்தக் குடும்பத்தின் விதியோ என்னவோ. நான்கே ஆண்டு. அதற்குள் அந்த இரண்டு மனிதர்களும் தங்களை வளர்த்த அணிக்குப் பட்ட கடனை அடைத்துவிட்டார்கள்.

மறைந்தவருக்கு வாரிசுகள் இருக்கிறார்கள். ஃபாண்டியின் மகன்கள் இர்பான், இக்சான், இல்ஹான் மூவரும் சிங்கப்பூருக்கு ஆடுகிறார்கள். 2025 நவம்பரில் ஹாங்காங்கில் முதலில் ஒரு கோல் பின்தங்கி, பிறகு 2–1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குச் சிங்கப்பூர் முதன்முறையாகத் தன் தகுதியால் நுழைந்தது. வெற்றிக் கோல் இல்ஹானுடையது. இன்று சிங்கப்பூரில் இருக்கும் பேரப்பிள்ளைகள் அந்த ஆட்டத்தைக் கைபேசியில் படம்பிடித்துக் கோட்டைப்பட்டினத்துக்கும் மீமிசலுக்கும் அனுப்பினார்கள். அதைப் பார்த்த தாத்தாமார்கள் பேரனுக்குச் சொன்ன பதில், இவன் அப்பன் 1980-இல் சிலாங்கூருக்கு எதிராக அடித்தது எனக்குத் தெரியும் என்பதே.